பரிசுக் காரில் பக்கத்து சீட்

டிரைவிங் ஸ்கூலில் அவருக்குப் பெயர் பிரேக் மாஸ்டர். வேறு யாரும் வைத்த பட்டப்பெயர் இல்லை, தனக்குத் தானே சூட்டிக்கொண்டது. புதிதாகச் சேர வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவார்: "இந்த வண்டில ஸ்டியரிங் உங்க பக்கம், ஹாரன் உங்க பக்கம், கியர் உங்க கையில. என் காலடியில இருக்கிறது ஒரே ஒரு பிரேக். எங்க போகணும்னு நீங்க முடிவு பண்ணுங்க. எப்ப நிக்கணும்னு நான் பாத்துக்கிறேன். என் பொழைப்பே அவ்வளவுதான்." வந்தவர்கள் சிரிப்பார்கள். பாதி பயம் அங்கேயே போய்விடும்.

இத்தனை வருஷம் அந்த ஒற்றை பிரேக்கை மிதித்து மிதித்து, அவருடைய வலது கால் அவர் பேச்சைக் கேட்பதை விட்டுவிட்டது. பஸ்ஸில் உட்கார்ந்தால் முன்சீட்டின் அடியில் மிதிக்கும். டிவியில் ஒரு கார் வேகமாக வந்தால் மிதிக்கும். பல் டாக்டர் ஊசியோடு பக்கத்தில் வந்தபோது நாற்காலியின் கால்பலகையை ஒரு மிதி மிதித்தார் பாருங்கள், அது கழன்று போய் டாக்டரின் முழங்காலில் விழுந்தது. "மன்னிச்சுக்குங்க டாக்டர், தொழில் வியாதி" என்று வாய் நிறையப் பஞ்சோடு சொன்னார்.

இப்படி ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த மனிதருக்குச் சொந்தக் கார் கிடையாது. சரி, அது சம்பளத்தின் குற்றம். ஆனால் சொந்த மனைவிக்குக் கற்றுக்கொடுக்கவில்லையே, அது யார் குற்றம்?

மனைவி நர்ஸ். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்ட நோயாளிகளை வீடு வீடாகத் தேடிப் போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, ஊசி போடுவது, எழுந்து நடக்க வைப்பது அவள் வேலை. பஞ்சு, துணிச்சுருள், மருந்து, ரத்த அழுத்தம் பார்க்கிற கருவி எல்லாம் அடைத்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் மாறிப் பஸ் மாறிப் போவாள். மழையில் பை நனைந்தால் கட்டுத்துணி வீண். அதனால் குடையைப் பைக்குப் பிடித்துவிட்டு அவள் நனைந்துகொண்டு வருவாள்.

ஒருமுறை, ஒரே ஒருமுறை, கற்றுக்கொடுக்கிறேன் பேர்வழி என்று ஸ்கூல் காரில் அவளை உட்கார வைத்தார். ஒரு கிடங்குக்குப் பின்னால் ஆள் நடமாட்டம் இல்லாத சந்து. அவள் கிளட்ச்சை விட்டாள். வண்டி ஒரு துள்ளு துள்ளி நடைபாதை மேல் ஏறியது. மாஸ்டர் பிரேக்கை மிதித்தார். அதோடு விட்டிருக்கலாம். "காலா அது, உலக்கையா? அறிவு இருக்கா உனக்கு?" என்று சந்தே அதிரக் கத்தினார். அவள் எஞ்சினை அணைத்தாள், சாவியை எடுத்துக் கைப்பையில் போட்டாள், இறங்கி நடந்தே வீட்டுக்குப் போய்விட்டாள். பாதி நடைபாதையிலும் பாதி ரோட்டிலுமாக நின்ற வண்டிக்குள், கால் இன்னும் பிரேக்கிலேயே இருக்க, நம்ம மாஸ்டர் தனியாக உட்கார்ந்திருந்தார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் எந்த மாணவரிடமும் ஒருநாளும் குரலை உயர்த்தியவர் இல்லை. குப்பைத் தொட்டியில் போய் மோதியவரிடம்கூட, "பரவாயில்ல சார், தொட்டிதான் குறுக்க வந்துருச்சு" என்பார். "காசு குடுக்கிறவங்ககிட்ட நான் மகான். காசு குடுக்காத ஒரே ஆளுகிட்டதான் என் வீரமெல்லாம்" என்று பின்னாளில் தன்னையே கிண்டல் செய்துகொள்வார். கிண்டல் செய்தாரே ஒழிய, அவளிடம் போய் ஒரு மன்னிப்புக் கேட்டாரா என்றால், இல்லை.

ஸ்கூலுக்கு நேர் எதிரே இன்னொரு டிரைவிங் ஸ்கூல். அதை நடத்துகிற டீச்சரம்மாவுக்கு ஒரு முறை உண்டு. வண்டியை நகர்த்துமுன் மாணவர்கள் திரும்பிப் பார்த்து, வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: "பின்னால காலி. பக்கத்துல காலி. போகலாம்." தெருவில் நிற்கிற எல்லாருக்கும் கேட்கும். மாஸ்டருக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு. வீட்டில் சாப்பிடும்போது டீச்சரம்மா குரலில் நடித்தே காட்டுவார். "அங்க வண்டி ஓட்டச் சொல்லித் தரல, வாய்ப்பாடு சொல்லித் தராங்க!" என்பார். மனைவி தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருப்பாள்.

லாட்டரிப் பழக்கமும் ஸ்கூலால் வந்ததுதான். லைசென்ஸ் டெஸ்ட் நடக்கிற மைதானத்தின் வாசலிலேயே ஒரு லாட்டரிக் கடை. தன் மாணவர் யாராவது பாஸ் செய்தால் மாஸ்டர் ஒரு டிக்கெட் வாங்குவார். "அவன் பாஸ் ஆனதே அதிர்ஷ்டம்தான், அதே சூட்டோட இன்னொன்னையும் பாத்துடுவோம்" என்பது அவர் கணக்கு. அப்படி, டெஸ்ட்டில் பலமுறை மண்ணைக் கவ்விய ஒரு மளிகைக் கடைக்காரர் எப்படியோ பாஸான அன்றைக்கு வாங்கிய டிக்கெட்டுக்குத்தான் விழுந்தது, மூன்றாம் பரிசு. பணம் இல்லை. கார். புத்தம் புதுக் கார்!

மனுஷன் தரையில் நிற்பாரா? மனைவியின் அக்கா வீட்டுக்காரர், அண்ணன், தம்பி என்று எல்லாரையும் வீட்டுக்குக் கூப்பிட்டு, நடுக்கூடத்தில் நின்று அறிவித்தார்: "இனிமே உங்க வீட்டுப் பொண்ணு பஸ்ஸுக்காக ஒரு நிமிஷம் நிக்க மாட்டா. அவளுக்காகவே இந்தக் கார். இந்த மாசமே வாசல்ல நிக்கும். எங்க போகணும்னாலும் நான் கொண்டுபோய் விடுவேன். இது என் வாக்கு."

"நானே ஓட்டினா?" என்று மனைவி கேட்டாள்.

மாஸ்டர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் சிரித்ததால் மற்றவர்களும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. காலித் தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அவளுடைய தம்பி ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறவன். அவன்தான் மெதுவாக வாயைத் திறந்தான். "மாமா, அதுக்கு வரி இருக்கு."

"எனக்கா? ஒவ்வொரு வருஷமும் நீதானேய்யா சொல்ற, உங்க சம்பளம் வரம்புக்குக் கீழ மாமா, வரியே கிடையாதுன்னு?"

"அது சம்பாதிச்ச காசுக்கு மாமா. லாட்டரிக்கு அந்த வரம்பெல்லாம் செல்லாது. தனி விகிதம், முதல் காசுலேருந்தே வரி. காசா விழுந்தாலும் சரி, காரா விழுந்தாலும் சரி. காரோட விலையைப் போட்டு அதுக்கு..."

"மச்சான், நல்ல நாளும் அதுவுமா எழவு வீட்டுக் கணக்கைப் பேசாத. பரிசுன்னா சும்மா குடுக்கிறது. சும்மா குடுக்கிறதுக்கு யாராவது காசு கேப்பானா?" என்று அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். அவன் முதுகைத் தடவிக்கொண்டான்.

லாட்டரி ஆபீஸுக்கு மாஸ்டர் தனியாகப் போனார். தலைக்கு எண்ணெய், இஸ்திரி போட்ட சட்டை, பையில் புதிதாக வாங்கிய சாவி வளையம். கண்ணாடிக் கூடத்துக்குள் கார் நின்றது, ரிப்பன் கட்டிக்கொண்டு. முன்கண்ணாடியில் அவர் பெயர் எழுதி ஒட்டியிருந்தார்கள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வாழ்க்கையில் அவர் பெயர் இதற்குமுன் கண்ணாடிக்குள் இருந்தது லேமினேட் செய்த ரேஷன் கார்டில்தான்.

மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி அம்மா டிக்கெட்டைச் சரிபார்த்தார், கையெழுத்து வாங்கினார், வாழ்த்துச் சொன்னார். பிறகு கையை நீட்டினார். "வரி கட்டின ரசீது?"

"அதைப் பரிசுலேயே பிடிச்சுக்குங்க மேடம்."

"காசா இருந்தா பிடிச்சுக்கிட்டு மிச்சத்தைக் குடுப்போம் சார். கார்ல எப்படிப் பிடிக்கிறது? ஒரு சக்கரத்தையும் ரெண்டு கதவையும் கழட்டி வெச்சுக்கிட்டா குடுக்க முடியும்? நீங்க வரியைக் கட்டினாதான் நாங்க காரை விடலாம். அதுதான் சட்டம்."

"எவ்வளவு ஆகும்?"

ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு என்றார். காரின் விலையில்! மாஸ்டரின் வலது கால் மேசைக்கடியில் ஓங்கி மிதித்தது. ஒன்றும் நிற்கவில்லை.

"டிக்கெட் வாங்கின செலவைக் கழிச்சுக்கலாம்ல?"

"முடியாது சார்."

"இத்தனை வருஷமா விழாத டிக்கெட் இருக்கே, அந்த நஷ்டம்?"

"அதையும் கழிக்க முடியாது."

"என் வருமானம் ரொம்பக் கம்மி மேடம். வேணும்னா எங்க முதலாளிகிட்ட எழுதி வாங்கிட்டு வரேன்."

"நீங்க சம்பாதிக்கவே இல்லைனாலும் இதுக்கு வரி உண்டு" என்ற அந்த அம்மா, அவர் முகம் போன போக்கைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டார். "மாசக் கடைசி வரைக்கும் டைம் இருக்கு சார். அதுக்குள்ள கட்டலைன்னா பரிசு திரும்பப் போயிடும்."

வெளியே வந்து கண்ணாடி வழியாக இன்னொரு முறை பார்த்தார். பெயர் அவருடையது, ரிப்பன் அவருக்கானது, கார் மட்டும் ஊரான் வீட்டுக் கார். ஏழையாக இருந்து காரில்லாமல் இருப்பது ஒன்றும் புதிதல்ல. பரிசு விழுந்த பிறகு காரில்லாமல் நிற்கிற அளவுக்கு முன்னேறியிருக்கோமே என்று நினைத்தபோது அவருக்கே சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் நின்றது. உறவுக் கூட்டத்துக்கு நடுவே வாய் கிழியப் பேசிய பேச்சு நினைவுக்கு வந்துவிட்டது. காரை விடுங்கள், அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

வீட்டில் சொல்லவில்லை. "கார் எப்ப வருது?" என்று அவள் கேட்டபோது, "பேப்பர் வேலை நடக்குது" என்று மழுப்பினார். முன்பு அவரிடம் ஓட்டக் கற்றுக்கொண்ட பேங்க் மேனேஜர் ஒருவர் நினைவுக்கு வந்தார். லாரியில் மோத இருந்தவரை அந்த ஒற்றை பிரேக்கால் காப்பாற்றியிருக்கிறாரே, அந்த நன்றியாவது இருக்காதா? இருந்தது. பேங்குக்குப் போனவரை மேனேஜர் உட்கார வைத்து ஜூஸ் கொடுத்தார்.

"கடனுக்கு என்ன ஈடு காட்டுவீங்க மாஸ்டர்?"

"கார் இருக்கே."

"எங்க இருக்கு?"

"வரி கட்டினா வரும்."

"வரி எப்பக் கட்டுவீங்க?"

"நீங்க கடன் குடுத்தா."

மேனேஜர் பேனாவை மூடி வைத்தார். "மாஸ்டர், நீங்கதான் எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க. முன்னால வழி தெரியாம ஆக்சிலேட்டர்ல கால் வைக்காதீங்கன்னு." தன் பாடமே தனக்கு ஆப்பு வைத்ததை எண்ணியபடி, ஜூஸை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு வந்தார். அன்றைக்குக் கிடைத்த வரவு அதுதான்.

வேறு வழி? மச்சானிடம் போய் நின்றார். அவன் "அன்னிக்கே சொன்னேனே மாமா" என்று சொல்வான் என்று எதிர்பார்த்து, அதற்கு ஒரு பதிலும் தயாராக வைத்திருந்தார். படுபாவி, அவன் அதைச் சொல்லவே இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டான், பொறுமையாகக் கணக்குப் போட்டுக் காட்டினான், தப்பிக்க வழி எதுவும் இல்லை என்று விளக்கினான். "கட்டி முடிச்ச பிறகும் வருஷக் கடைசிக் கணக்குல இதைக் காட்டணும் மாமா. அதை நான் பாத்துக்கிறேன்" என்றான். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போல இருந்தது அவருக்கு.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது மனைவி மேசை மேல் பையைக் கவிழ்த்து, மறுநாளைக்குக் கட்டுத்துணிச் சுருள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "தம்பி போன் பண்ணினான்" என்றாள்.

மாஸ்டர் செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். "எனக்கு வெக்கமா இருக்கு. எல்லார் முன்னாடியும் பெருமை பீத்திக்கிட்டேன். உனக்கு ஒரு நல்லது பண்ணிப்பாக்கணும்னு நெஜமாவே ஆசையா இருந்துச்சு. கடைசில கண்ணாடி வழியா காட்டத்தான் முடியும் போல."

அவள் சுருள்களை அடுக்கி முடித்தாள். ஜிப்பை இழுத்து மூடினாள். "அவன் சொன்ன தொகை என்கிட்ட இருக்கு. கொஞ்சம் கூடவே இருக்கும்."

"உன்கிட்டயா? எப்படி?"

"ஞாயிற்றுக்கிழமை எல்லாம் வேலைக்குப் போனேனே, எதுக்குன்னு நினைச்சீங்க? பழைய கார் ஒண்ணு வாங்கலாம்னு சேத்துவெச்சேன். அந்தக் காசுக்குப் புதுக் கார் வருதுன்னா கசக்குதா?"

"நீ கார் வாங்கி? ஓட்டறது யாரு?"

"ஓட்ட ஆள் இருக்கு" என்றாள்.

மாஸ்டரின் நெஞ்சு ஒரு சுற்றுப் பெருத்தது. தனக்காக, தான் ஓட்டுவதற்காக, இவள் வாரம் தவறாமல் உழைத்துச் சேர்த்திருக்கிறாளே என்று உருகிப் போனார். மனிதனின் மூளை தனக்கு வேண்டியதைத்தான் கேட்கும் என்பதற்கு அவரைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

"ஒரே ஒரு கண்டிஷன்" என்றாள். "கார் கையில வந்ததிலேருந்து வீடு வந்து சேர்ற வரைக்கும் நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

"அவ்வளவுதானே! சத்தியம்."

மறுநாளே வரியைக் கட்டினார்கள். ரசீது பரிசு விழுந்தவர் பெயரில்தான் வரும் என்றார்கள், வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் பெயரில் கௌரவமான ஒரு தொகைக்கு வருமான வரி ரசீது, அதுவும் பெண்டாட்டி காசில். அதை மடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு லாட்டரி ஆபீஸுக்குப் போனார். அதிகாரி அம்மா சாவியைக் கொடுத்தார். மாஸ்டர் தன் புது வளையத்தில் அதைக் கோத்து, ஒரு சுழற்றுச் சுழற்றினார். பக்கத்தில் ஒரு கை நீண்டது. மனைவியின் கை.

சாவியை வாங்கிக்கொண்டு அவள் நேராகப் போய் ஸ்டியரிங் பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். சீட்டை முன்னால் இழுத்தாள், கண்ணாடியைத் திருப்பினாள், பெல்ட்டைப் போட்டாள். மாஸ்டர் "ஏய்" என்று வாயைத் திறந்தார். அவள் ஒரு விரலை உதட்டில் வைத்தாள். மூடிக்கொண்டு மறுபக்கம் ஏறினார்.

அவள் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தாள். தெளிவாக, உரக்கச் சொன்னாள்: "பின்னால காலி. பக்கத்துல காலி. போகலாம்."

மாஸ்டர் சட்டென்று அவள் பக்கம் திரும்பினார். எதிர் ஸ்கூல்! டீச்சரம்மாவின் வாய்ப்பாடு! சாப்பாட்டு மேசையில் அவர் நடித்து நடித்துக் காட்டியதெல்லாம் யாரிடம்? அங்கேயே சேர்ந்து படித்துக்கொண்டிருந்த மாணவியிடம்! நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. சத்தியம் செய்திருந்ததால் அதற்குக்கூட வாயைத் திறக்க முடியவில்லை.

வண்டி துள்ளவே இல்லை. கடைத்தெரு வந்தது, மிதித்தார். பஸ் ஒன்று குறுக்கே வந்தது, மிதித்தார். ரவுண்டானா வந்தபோது இரண்டு காலாலும் மிதித்தார். கீழே வெறும் தரை. ஒவ்வொரு முறையும் அவர் மிதிப்பதற்கு ஒரு நொடி முன்பே அவள் நிதானமாக வேகத்தைக் குறைத்திருந்தாள். பொறாமை என்றால் பொறாமை, அப்படி ஒரு பொறாமை. கூடவே ஒரு பெருமையும். வீட்டு வாசலில் நடைபாதையை உரசாமல் ஓரமாக நிறுத்தினாள். அவர் காலடியில் இருந்த புது விரிப்பு சுருண்டு போய் மூலையில் கிடந்தது.

"இப்பப் பேசலாம்" என்றாள்.

"நல்லா ஓட்டுற" என்றார். குனிந்து விரிப்பை நீவி நேராக்கினார்.

மறுநாள் காலை அவரை ஸ்கூலில் இறக்கிவிட்டுத்தான் வேலைக்குப் போவேன் என்றாள். "தெருமுனையிலேயே இறக்கிவிட்டுடேன்" என்று கெஞ்சிப் பார்த்தார். "வாசல்லதான்" என்றாள். வாசலில் மாணவர் கூட்டம். கார் போனதும் ஒருவர் கேட்டார்: "மாஸ்டர், உங்க வீட்டம்மா என்னமா ஓட்டுறாங்க! நீங்க சொல்லிக் குடுத்ததா?"

ஆமாம் என்று சொன்னால் யாருக்குத் தெரியப் போகிறது? எதிரே டீச்சரம்மா தன் காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "எனக்கு அந்தத் துப்பு இல்லப்பா. எதிர்ல இருக்காங்களே, அவங்க சொல்லிக் குடுத்தது" என்றார் மாஸ்டர், அந்தப் பக்கம் கேட்கிற மாதிரியே. சொல்லிவிட்டுத் தெருவைத் தாண்டினார்.

"உங்களுக்கு நன்றி சொல்லணும்னு வந்தேன் டீச்சர். ரொம்பக் கஷ்டப்பட்டுக் கத்துக்கிட்டாளா?"

டீச்சரம்மா துணியைப் பிழிந்தார். "ஓட்டுறதா? நீங்க பாடம் எடுக்க வண்டியில கிளம்பின நேரமாப் பாத்துத்தான் வருவாங்க, ஆனாலும் அது சீக்கிரமா வந்துருச்சு சார், லைசென்ஸும் வாங்கிட்டாங்க. ஆனா ஒவ்வொரு தடவை கிளட்ச்சை விடும்போதும் கண்ணை இறுக்க மூடிக்குவாங்க. பக்கத்துல இருந்து யாரோ கத்தப் போறாங்கன்னு காத்துக்கிட்டே இருப்பாங்க. அது போறதுக்குத்தான் நாளாச்சு."

அன்றைக்கு மாஸ்டர் பாடம் எடுத்தார். தமாஷ் எதுவும் வரவில்லை.

சாயங்காலம் கார் வந்து நின்றது. மாஸ்டர் பின்கதவைத் திறந்து பின்சீட்டில் உட்கார்ந்தார்.

"ஏன் அங்க?"

"முன்னால உக்காந்தா கால் சும்மா இருக்க மாட்டேங்குது. நான் மிதிக்கிறதைப் பாத்து நீ பயந்துடுவ." ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார். "அன்னிக்கு சந்துல நான் கத்தினது தப்பு. அன்னிக்கே சொல்லியிருக்கணும். எதிர் டீச்சர் சொன்னாங்க, நீ கண்ணை மூடிக்குவியாமே."

அவள் கண்ணாடியில் அவரைப் பார்த்தாள். "இப்ப மூடறதில்ல" என்றாள். "முன்னால வாங்க. நான் என்ன டாக்ஸியா ஓட்டுறேன்?"

அவர் இறங்கி முன்னால் வந்தார். செருப்பைக் கழற்றிக் கீழே வைத்தார். இரண்டு காலையும் தூக்கிச் சீட்டின் மேல் சம்மணம் போட்டு, வலது காலை இடது தொடைக்கு அடியில் திணித்துக்கொண்டு, அதன் மேல் பெல்ட்டைப் போட்டார். எதிர் வாசலிலும் இந்த வாசலிலும் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

பிறகு தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தாள். "பின்னால காலி. பக்கத்துல காலி."

மாஸ்டரும் தன் பக்கத்து ஜன்னல் வழியாகக் கழுத்தை நீட்டி நன்றாகப் பார்த்தார். "இந்தப் பக்கமும் காலி. போகலாம்" என்று தெருவுக்கே கேட்கச் சொன்னார்.